முதுகில் தைத்த 'சொந்தம்': மோட்டார் சைக்கிள் கிளப் காதல் நாவல்கள் குறித்து ஒரு விவாதம்

வைகறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் சட்டத்துக்குக் கட்டுப்படாத மோட்டார் சைக்கிள் கிளப்புகளைக் களமாகக் கொண்டு எழுதப்படும் காதல் நாவல்களை நம்மில் பலர் படிக்கிறோம். ஆனால் கதாநாயகன் பிடித்ததா, முடிவு சுபமா என்பதற்கு மேல் அவற்றைப் பற்றி இங்கே நாம் பேசியதே இல்லை. நான்கு ஆண்டுகளில் நாற்பதுக்கு மேல் படித்துவிட்டேன். ஐந்தோ ஆறோதான் மனத்தில் தங்கியிருக்கின்றன. மற்றவை ஏன் தங்கவில்லை என்று யோசித்துக்கொண்டே இருந்ததன் விளைவுதான் இந்த இழை.

இந்த நாவல்களில் ஏறத்தாழத் தவறாமல் வரும் காட்சி ஒன்று உண்டு. கதாநாயகன் ஒரு தோல் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கதாநாயகியிடம் நீட்டுகிறான். அதன் முதுகில், கிளப்பில் அவனுக்கு வழங்கும் பட்டப்பெயரோடு சேர்த்து, 'இன்னாருக்குச் சொந்தம்' என்று தைத்திருக்கும். இது எழுத்தாளர்களின் கற்பனை கிடையாது. 'பிராப்பர்ட்டி' (உடைமை) பேட்ச் என்று, ஜாக்கெட்டில் தைக்கும் துணிச் சின்னமாக, அந்தக் கிளப்புகளில் உண்மையாகவே புழங்கி வந்த வழக்கம். நாவலில் அவள் முதலில் கோபப்படுவாள். இதை அணிந்தால் ஊரில் ஒருவனும் உன்னிடம் வாலாட்ட மாட்டான் என்று அவன் விளக்குவான். அடுத்த அத்தியாயத்தில் அவள் அதை அணிந்துகொண்டு அவன் பின்னால் ஏறி அமர்வாள். பெரும்பாலான எழுத்தாளர்கள் இந்த இடத்தைத் தாலி கட்டும் காட்சியைப் போல எழுதிக் கடந்துவிடுகிறார்கள். என் மனத்தில் தங்கிய ஐந்தாறு நாவல்களில் மட்டும் அவள் அந்தச் சொல்லை நின்று படிக்கிறாள். அதை அணிந்தபின் எந்தக் கதவுகள் தனக்குத் திறக்கும், எவை மூடும் என்று கணக்குப் பார்க்கிறாள். கணக்குப் பார்த்த பிறகும் அணிகிறாள் என்றால், அந்தக் காதலை நான் நம்புகிறேன்.

கரடுமுரடான நாவல் என்று அட்டையிலேயே அறிவித்துக்கொள்ளும் இந்த வகையில், கரடு என்பது எத்தனை பேர் சுடப்பட்டார்கள், படுக்கையறைக் காட்சி எத்தனை பக்கம் என்பதைக் கொண்டு அளக்கப்படுகிறது. அந்த ஜாக்கெட்டின் விலை என்ன என்று எழுத்தாளருக்குத் தெரிகிறதா என்பதைக் கொண்டே நான் அளக்க விரும்புகிறேன். உங்கள் கருத்தை அறிய ஆவல்.


செம்பருத்தி எழுதியது:

வைகறை அக்கா, உங்கள் அளவுகோல் நியாயமானதுதான். ஆனால் இந்த நாவல்கள் ஒரு வாசகிக்குத் தருவதை அது பாதி மட்டுமே பிடிக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் இரவுப் பணி முடித்துவிட்டு அதிகாலை மூன்று மணிக்குக் கம்பெனி வேனில் வீடு திரும்புபவள். ஃபோனின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரத்தில்தான் படிப்பேன். வேனில் கடைசியாக இறங்குபவள் நான் என்பதால், வேனுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவே இருக்கும் நாற்பது அடியை நான் எப்படிக் கடக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். அப்படிப்பட்ட வேளையில், 'உன்மேல் ஒரு விரல் படாது' என்று ஒருவன் சொல்வதும், அவன் சொல்லுக்குப் பின்னால் இருபது பேர் நிற்பதும் எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வார்த்தையில் சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஜாக்கெட் காட்சி அன்று, மருத்துவமனைக் காட்சி. கதாநாயகி அறுவை அறையில் இருப்பாள். நடைகூடம் நெடுக, சேறு படிந்த பூட்ஸோடு பதினைந்து முரட்டு ஆண்கள் ஒருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய மனைவிமார் வீட்டில் சமைத்து அலுமினியத் தட்டுகளில் மூடிக் கொண்டுவந்து செவிலியர்களுக்கும் கொடுப்பார்கள். இரத்த உறவு ஏதும் இல்லாத அவளுக்காக ஒரு கூட்டுக்குடும்பமே திரண்டு நிற்கும். நான் அப்பா இல்லாத வீட்டில் வளர்ந்தவள். அந்தப் பக்கங்களை எத்தனை முறை திரும்பப் படித்தேன் என்று கணக்கில்லை. காதலனைவிட, அவனோடு சேர்ந்து வரும் அந்த வீட்டைத்தான் நாங்கள் காதலிக்கிறோம் என்றுகூடச் சொல்லலாம்.


ஆவணன் எழுதியது:

இந்த நாவல்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் கொஞ்சம் சொன்னால் இருவர் கருத்துக்கும் உதவியாக இருக்கும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் பலருக்கு வீட்டு வாழ்க்கை ஒட்டவில்லை. படையில் இருந்த தோழமையும் ஆபத்தும் வேண்டியிருந்தன. மலிவாகக் கிடைத்த மோட்டார் சைக்கிள்கள் இரண்டையும் தந்தன. 1947 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்னும் சிற்றூரில் பந்தயத்துக்காகச் சில ஆயிரம் பேர் கூடியபோது குடியும் கலாட்டாவுமாகிவிட்டது. பீர் பாட்டில்கள் சூழ வண்டியில் சாய்ந்திருக்கும் ஒருவரின் படத்தை 'லைஃப்' இதழ் வெளியிட்டதும் நாடே அவர்களைப் பார்த்துப் பயந்தது. வண்டியோட்டிகளில் 99 விழுக்காட்டினர் சட்டத்தை மதிப்பவர்கள் என்று அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அப்போது அறிக்கை விட்டதாகவும், மீதி ஒரு விழுக்காடு நாங்கள்தான் என்று இந்தக் கிளப்புகள் மார்தட்டிக்கொண்டதாகவும் சொல்வார்கள். அப்படி ஓர் அறிக்கை தங்கள் பதிவுகளில் எங்கும் இல்லை என்பது அந்தச் சங்கத்தின் நிலை. ஆனாலும் 'ஒரு விழுக்காடு' என்ற அந்த வைர வடிவப் பேட்ச் இன்றுவரை நிலைத்துவிட்டது. இவற்றுள் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்னும் கிளப் 1948இல் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ பகுதியில் தொடங்கியது. பாண்டிடோஸ் 1966இல் டெக்சாஸில். மொங்கோல்ஸ் 1969இல் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய மான்டிபெல்லோவில்.

காதல் நாவலாசிரியர்கள் இந்தக் களத்துக்குக் கூட்டமாக வந்தது வெகு காலம் கழித்துத்தான். 2008 முதல் 2014 வரை எஃப்எக்ஸ் தொலைக்காட்சியில் ஏழு பருவங்கள் ஓடிய 'சன்ஸ் ஆஃப் அனார்க்கி' தொடர், கிளப் தலைவன், துணைத்தலைவன், முழு உறுப்பினருக்கான பேட்ச் வாங்கக் காத்திருந்து எடுபிடி வேலை பார்க்கும் 'பிராஸ்பெக்ட்', 'சர்ச்' என்று அழைக்கப்படும் மூடிய அறைக் கூட்டம் ஆகிய எல்லாவற்றையும் வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது. அதே காலத்தில் அமேசானின் கிண்டில் மின்னூல் தளத்தில் யார் வேண்டுமானாலும் பதிப்பாளரின் தயவின்றி நாவல் வெளியிட முடிந்தது. இவ்விரண்டும் சேர்ந்ததால் 2012, 2013ஆம் ஆண்டுகளில் இந்த வகை ஆங்கிலத்தில் பெருகியது. 2014 ஜூலையில் மாதச் சந்தாவுக்கு எத்தனை நூல் வேண்டுமானாலும் படிக்கும் திட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஜூலை முதல் அத்திட்டத்தில் வாசகர் படித்த பக்கங்களைக் கணக்கிட்டு எழுத்தாளருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு கிளப்பில் பத்து ஆண்கள் இருந்தால் பத்து நாவல்கள் என்று தொடர் நீளுவதற்கும், ஒவ்வொன்றின் கடைசி அத்தியாயத்திலும் அடுத்தவன் காதலுக்கு விதை போடப்படுவதற்கும் இந்தக் கணக்கோடு நெருங்கிய தொடர்பு உண்டு.

ஜாக்கெட்டைப் பற்றி ஒரு செய்தி. 1967இல் ஃப்ளோரிடாவில் அவுட்லாஸ் கிளப்பைச் சேர்ந்தவர்கள், தங்களோடு இருந்த 18 வயதுப் பெண் ஒருவர் பத்து டாலரைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார் என்பதற்காக அவருடைய கைகளை மரத்தில் வைத்து ஆணியடித்தார்கள். 'சொந்தம்' என்ற சொல் அந்த வட்டாரத்தில் எவ்வளவு நேர்ப்பொருளில் வழங்கியது என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிடுகிறேன். செம்பருத்தியின் ஆறுதலைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று.


திருப்புளி எழுதியது:

நான் கோவையில் பைக் பட்டறை நடத்துகிறேன். இந்த நாவல்களைப் படிப்பவர் என் மனைவி. வண்டி வரும் இடங்களை மட்டும் எனக்குச் சத்தமாகப் படித்துக்காட்டி, இது சரியா என்று கேட்பார். ஆகவே வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பல எழுத்தாளர்கள் ஹார்லி டேவிட்சன் வண்டியைக் குதிரை மாதிரி எழுதுகிறார்கள். அதன் சூட்டை எழுதுவதில்லை. காற்றால் குளிரும் பெரிய வி-ட்வின் எஞ்சினில் (இரண்டு சிலிண்டர்கள் 'V' வடிவில் முன்னும் பின்னுமாக நிற்பது) பின் சிலிண்டரின் சூடு நேரே ஓட்டுபவரின் வலது தொடையில் அடிக்கும். சைலன்சர் குழாய்கள் பொதுவாக வலப்பக்கம்தான் போகும். ஆகவே குட்டைக் கால்சட்டை அணிந்து முதன்முறையாகப் பின்னால் ஏறும் கதாநாயகி, இறங்கும்போது வலக்காலின் கெண்டைச்சதையில் நெல்லிக்காய் அளவு கொப்புளத்தோடுதான் இறங்குவாள். என் மனைவி படித்துக்காட்டிய ஒன்றில் மட்டும் அது அப்படியே வந்திருந்தது. அவன் அவளைப் படிக்கட்டில் உட்காரவைத்துக் குழாய்த் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டே, அடுத்த முறை ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வா என்கிறான். இந்த எழுத்தாளர் உண்மையில் பின்சீட்டில் உட்கார்ந்தவர் என்று உடனே சொன்னேன்.

இன்னொன்றில் ஒருவன் ஹார்லியின் ஃபார்ட்டி எய்ட் மாடலில் ஏறி, இரவெல்லாம் எங்கும் நிற்காமல் ஐந்நூறு கிலோமீட்டர் துரத்திக்கொண்டு போகிறான். அந்த வண்டியின் டேங்க் எட்டு லிட்டர்தான். நூற்றைம்பது, நூற்றறுபது கிலோமீட்டருக்கு ஒருமுறை அவன் பங்க்கில் நின்றே ஆக வேண்டும். அந்த நிறுத்தத்தை எழுதியிருந்தால் கதைக்கே நல்லதாகப் போயிருக்கும். கொலைவெறியோடு போகிறவன் பெட்ரோல் போட்டுவிட்டுச் சில்லறைக்காகக் காத்து நிற்கும் இடத்தில்தான் அவன் மனிதனாகத் தெரிவான்.

பின்சீட்டைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. வளைவில் ஓட்டுபவரோடு சேர்ந்து சாய்ந்தால்தான் வண்டி சொன்னபடி கேட்கும். பயந்து எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் இருவரும் விழ நேரிடும். நம்பிக்கை வருகிறது, வரவில்லை என்பதை அந்தச் சாய்வை வைத்தே எழுதிவிடலாம். தனியாக வசனம் தேவைப்படாது.


பனிக்கால மல்லி எழுதியது:

பிள்ளைகளே, நான் இந்த இழையில் எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் யாழ்ப்பாணத்திலிருந்து 1989இல் மாண்ட்ரியலுக்கு வந்தவள். ஷபனேல் வீதியில் தையல் ஆலைகள் அடுக்கடுக்காக இருந்த காலம். தோல் ஜாக்கெட் தைக்கும் ஆலை ஒன்றில் பதினோரு வருடம் வேலை செய்தேன். இந்த நாவல்களை எனக்கு அறிமுகப்படுத்தியவள் என் மகள். நானும் விரும்பித்தான் படிக்கிறேன். செம்பருத்தி சொன்ன மருத்துவமனைக் காட்சியில் நானும் கண்ணீர் விட்டிருக்கிறேன்.

ஆனால் நான் அந்தக் கிளப்புகள் யுத்தம் செய்த ஊரில் பிள்ளை வளர்த்தவள். 1994 முதல் 2002 வரை போதைப்பொருள் விற்கும் இடங்களுக்காக ஹெல்ஸ் ஏஞ்சல்ஸும் ராக் மெஷின் என்ற மற்றக் கூட்டமும் கியூபெக் மாகாணத்தில் ஒருவரையொருவர் கொன்றார்கள். 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1995 ஆகஸ்ட் மாதம் நகரின் கிழக்கே, நிறுத்தியிருந்த ஜீப்பில் வைத்த குண்டு வெடித்ததில், தெருவில் விளையாடிக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் இரும்புத் துண்டு பாய்ந்தது. நாலு நாள் கழித்து அவன் இறந்தான். என் மூத்தவனுக்கு அப்போது பத்து வயது. குண்டுக்குப் பயந்து நாட்டைவிட்டு வந்த நான், நிறுத்தியிருக்கும் வாகனங்களுக்கு அருகே போகாதே என்று அவனுக்கு இந்த ஊரிலும் சொல்ல வேண்டியதாயிற்று. ஆலைக்குப் போகும் பேருந்தில் பிரெஞ்சுப் பெண்கள் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அழுததைப் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் சாவுக்குப் பிறகு எழுந்த கோபத்தால்தான் 1997இல் இத்தகைய கூட்டங்களுக்கு எதிரான சட்டத்தைக் கனடா அரசு கொண்டுவந்தது. அதே வருடம், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் சிறைக்காவலரை நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். அவர் அவர்களுக்கு ஒரு தீங்கும் செய்தவர் அல்லர்; சிறை அதிகாரிகளைப் பயமுறுத்துவதற்காகக் கண்ணில் பட்ட ஒருவரைக் கொன்றார்கள். அந்தக் கொலைக்கும் இன்னொரு காவலரின் கொலைக்கும் உத்தரவிட்ட குற்றத்துக்காக மோரிஸ் பூஷே என்ற தலைவனுக்கு 2002இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. 2000இல் மிஷேல் ஓஜே என்ற குற்றச்செய்தியாளரைப் பத்திரிகை அலுவலகத்தின் வாகனத் தரிப்பிடத்திலேயே சுட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டது தெய்வச் செயல்.

நாவல்களில் எனக்குப் பொறுக்காத ஒன்று 'சகோதரத்துவம்' என்று அவர்கள் ஓயாமல் சொல்வதுதான். ஒரு சகோதரன் இன்னொரு சகோதரனைக் கைவிடவே மாட்டான் என்று ஒவ்வொரு புத்தகத்திலும் வருகிறது. 1985இல் இதே கியூபெக்கில், லெனக்ஸ்வில் என்ற இடத்தில், ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் தங்கள் சொந்த ஆட்கள் ஐந்து பேரைக் கூட்டத்துக்கென்று வரவழைத்துக் கொன்றார்கள். உடல்களைத் துயில்பைகளில் சுற்றிப் பாரம் கட்டி சென் லோரன்ஸ் ஆற்றில் போட்டார்கள். 2006இல் ஒன்டாரியோவில் பாண்டிடோஸ் எட்டுப் பேரை அவர்களுடைய கிளப்காரர்களே கொன்றார்கள். மருத்துவமனை நடைகூடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பதினைந்து பேரை நான் நம்ப வேண்டுமென்றால், அவர்களில் இரண்டு பேர் மற்ற ஒருவனை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் எழுத்தாளர் காட்ட வேண்டும். காட்டிய புத்தகம் ஒன்றைத்தான் கண்டேன்.


செம்பருத்தி எழுதியது:

மல்லி அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நன்றி.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர் சங்கத்தின் வரையறைப்படி, காதல் கதை மையமாக இருப்பதும் முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருப்பதும் இந்த வகைக்கு அடிப்படை. சுபமாக முடியும் என்று தெரிந்துதான் நாங்கள் முதல் பக்கத்தைத் திறக்கிறோம். லெனக்ஸ்வில்லை அப்படியே எழுதினால் அது வேறு நூலாகிவிடும். ஒரு எழுத்தாளர் உண்மையில் எவ்வளவை உள்ளே விடலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

எனக்குச் சரியாகத் தோன்றிய ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு நாவலில் விடியற்காலை ஐந்து மணிக்குப் போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. துப்பாக்கியைத் தேடுகிறவர்கள் சமையலறைக்குப் போய், குழந்தையின் காலை உணவுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் கொட்டிப் பார்க்கிறார்கள். அவர்கள் போன பிறகு கதாநாயகி அந்தச் சோளப்பொரியைப் பெருக்கி அள்ளுகிறாள். குழந்தை, எனக்குச் சாப்பிட ஒன்றும் இல்லையா என்று கேட்கிறது. ஒரு துளி இரத்தம் கிடையாது. ஆனால் அந்த ஜாக்கெட்டின் விலையில் ஒரு தவணையை அன்று அவள் கட்டினாள் என்று எனக்குப் புரிந்தது. வைகறை அக்கா கேட்ட கணக்கு இதுதானே?


நிலவறை எழுதியது:

விலையைப் பற்றிப் பேசும்போது, அந்த விலையை நாவலாசிரியர்கள் யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

கதாநாயகனின் கிளப் போதைப்பொருள் விற்காது. விற்றாலும் கஞ்சாவோடு நிறுத்திக்கொள்ளும். பெண்களைக் கடத்தாது, ஊர்க் குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸுக்குப் பொம்மை வாங்கித் தரும். ஆயுதம் கடத்தும், ஆனால் அந்த ஆயுதம் எங்கே போய் யாரைக் கொல்கிறது என்று ஒரு வரியும் இருக்காது. அழுக்கு எல்லாம் எதிரிக் கிளப்பின் கணக்கில் எழுதப்படும். அந்த எதிரி யார் என்று பாருங்கள்: நான் படித்தவற்றில் பாதிக்கு மேல் ஸ்பானியப் பெயர் கொண்டவர்கள், எல்லைக்கு அப்பாலிருந்து வருபவர்கள், கதாநாயகியைக் கடத்திச் சென்று கட்டிவைப்பவர்கள். உண்மையில் இந்தக் கிளப்புகளின் உலகம் நிறத்தால் பிளவுபட்டது. ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் நெடுங்காலமாக வெள்ளையர் கிளப்பாகவே இருந்தது. மொங்கோல்ஸைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர். அந்தப் பிளவை ஒரு நாவல் காட்டினால் வரவேற்பேன். அதைப் பற்றிப் பேசாமல், வில்லனுக்கு மட்டும் பழுப்பு நிறத்தைக் கொடுக்கும்போது, பழுப்பு நிறமுள்ள வாசகியாகிய நான் நூலை மூடிவிடுகிறேன். எந்த ஊர் மருத்துவமனை நடைகூடத்திலும் என்னைப் போன்ற ஒருத்திக்காக அந்தப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்களா என்ற கேள்வி எனக்கு எழாமல் இருப்பதில்லை, செம்பருத்தி.

ஆன்டி-ஹீரோ கதை (கெட்டவனே கதாநாயகனாக வருவது) என்று தமிழ் இணையத்தில் நாம் தொடர்கதையாகப் படிப்பவற்றிலும் இதே உத்தி இருப்பதைக் கவனித்திருக்கிறேன். கதாநாயகன் கட்டாயத் தாலி கட்டுவான்; ஆனால் அவனைவிடக் கொடியவன் ஒருவன் அவளைத் துரத்துவதாக ஏற்கெனவே எழுதியிருப்பார்கள். ஒப்பிடும்போது இவன் நல்லவன் ஆகிவிடுவான்.


வைகறை எழுதியது:

நிலவறை சொன்னதை முழுவதுமாக ஏற்கிறேன்; என் முதல் பதிவில் அதை எழுதாமல் விட்டது என் குறை.

சில மாதங்களாக, பழக்கத்துக்காக, இத்தகைய நாவல் ஒன்றின் சில அத்தியாயங்களைத் தமிழில் பெயர்த்துப் பார்க்கிறேன். வெளியிடும் எண்ணம் இல்லை. முதல் தடை 'ஓல்ட் லேடி' என்ற சொல்லில் வந்தது. உறுப்பினன் ஒருவனின் நிலையான துணைவியை அப்படித்தான் அழைக்கிறார்கள்; அவளுக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தாலும் அதுதான் பெயர். கிழவி என்று எழுத முடியாது. மனைவி என்றால் சட்டப்படி மணம் ஆனதாகப் பொருள்படும். சம்சாரம் என்று எழுதிப் பார்த்தேன். குரல் எழுபதுகளின் திரைப்படத்துக்குப் போய்விட்டது. கடைசியில் 'வீட்டுக்காரி' என்று வைத்திருக்கிறேன். கொஞ்சம் உரிமை, கொஞ்சம் சலிப்பு, பிறரிடம் பேசும்போது ஆண்கள் காட்டும் அந்தத் தோரணை, மூன்றும் அதில் இருக்கின்றன. ஆனாலும் ஒரு குறை: கிளப்பின் வீடு எந்தக் காலத்திலும் அவளுடையது ஆகாது. எட்மன்டன் நகரின் ரெபெல்ஸ் கிளப்போடு வண்டியோட்டி, 1991இல் அதைப் பற்றி நூல் எழுதிய மானுடவியலாளர் டேனியல் வுல்ஃப், கிளப்பைச் சுற்றியுள்ள பெண்களில் உயர்ந்த படி 'ஓல்ட் லேடி'க்குத்தான் என்று காட்டுகிறார். அந்த உயர்ந்த படியில் நிற்பவளும் உறுப்பினர் ஆக முடியாது, 'சர்ச்' கூட்டம் நடக்கும் அறைக்குள் நுழைய முடியாது, அங்கே என்ன முடிவெடுத்தார்கள் என்று கேட்கவும் முடியாது. செம்பருத்தி சொன்ன கூட்டுக்குடும்பத்தில் அவள் மருமகளாகவே கடைசிவரை இருப்பவள்.

பெயர்க்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. 'சொந்தம்' என்று அவளுக்கு ஜாக்கெட் தருகிறானே, அவன் முதுகில் இருக்கும் பேட்ச் அவனுக்குச் சொந்தமா? இல்லை. அது கிளப்பின் உடைமை. கிளப்பைவிட்டு வெளியேற்றப்படும் நாளில் அதைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்; உடலில் பச்சை குத்தியிருந்தால் அதையும் மறைக்கவோ அழிக்கவோ சொல்வார்கள். மொங்கோல்ஸ் கிளப்பின் சின்னத்துக்கான வணிகக்குறி உரிமையையே அமெரிக்க அரசு பறிக்க முயன்று, பல ஆண்டுகள் வழக்கு நடந்து, 2019இல் நீதிபதி அதை மறுத்துவிட்டார். ஒரு துணித்துண்டுக்காக அரசாங்கமும் கிளப்பும் அவ்வளவு தூரம் மோதிக்கொண்டது, அந்தத் துண்டு ஒரு மனிதனை எவ்வளவு முழுமையாகப் பிடித்துவைத்திருக்கிறது என்பதை இரு தரப்பும் அறிந்திருந்ததால்தான். ஆக, இன்னொருவருடைய பொருளாகிவிட்ட ஒருவன்தான் அவளைத் தன் பொருள் என்கிறான். நான் பெயர்க்கும் நாவலில் கதாநாயகி இதைப் புரிந்துகொள்ளும் ஒரு பக்கம் இருக்கிறது. உறங்கும் அவனுடைய ஜாக்கெட்டை நாற்காலியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். இதைக் கழற்றச் சொன்னால் இவனிடம் என்ன மிஞ்சும் என்று நினைக்கிறாள். அவள் அவனை நேசிக்கிறாள் என்பதை நான் முதன்முதலாக அந்த இடத்தில் நம்பினேன்.

மல்லி அம்மா, உங்களிடம் ஒரு தொழில் சந்தேகம். அதே நாவலின் இறுதியில் அவன் கிளப்பைவிட்டு விலகுகிறான். தன் பேட்சை ஒரே இழுப்பில் கிழித்து மேசைமேல் எறிந்ததாக எழுதியிருக்கிறது. அதை அப்படியே பெயர்க்க எனக்குக் கை வரவில்லை. தோலில் தைத்ததை அப்படிக் கிழிக்க முடியுமா?


பனிக்கால மல்லி எழுதியது:

முடியாது, பிள்ளை. தோலுக்குத் தைக்கும் நூல் தடித்த நைலான் நூல்; சட்டைப் பொத்தான் பிய்கிற மாதிரி அது பிய்யாது. இழுத்தால் முதலில் பேட்சின் ஓரப் பூவேலை நைந்து பிரியும், பிறகு தோல் கிழியும், நூல் அப்படியே இருக்கும். ஒழுங்காக எடுப்பதென்றால் ஜாக்கெட்டின் உட்பக்கத்தைத் திருப்பி லைனிங்கைத் திறக்க வேண்டும். தையலைப் பிரிக்கும் சிறிய கொக்கியால் நாலு தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டு போய், பிறகு மேற்பக்கத்திலிருந்து நூலை மெதுவாக உருவ வேண்டும். முதுகு முழுவதும் வரும் மூன்று துண்டுப் பேட்ச் என்றால் எனக்கே ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அவனுக்கு இரவு முழுவதும் பிடிக்கும். அவசரப்பட்டால் கொக்கி வழுக்கிக் கையில் ஏறும். என் இடது பெருவிரலில் அந்த வடு இப்போதும் இருக்கிறது.

எடுத்து முடித்த பிறகும் தோலில் ஊசித் துளைகள் வரிசையாக இருக்கும். துணியில் என்றால் தண்ணீர் தெளித்து அயர்ன் போட்டால் துளை மூடிக்கொள்ளும், தோலில் மூடாது. பேட்ச் மறைத்திருந்த இடம் வெயில் படாமல் கறுப்பாகவும், சுற்றியுள்ள இடம் வெளிறியும் நிற்கும். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கும் அங்கே என்ன இருந்தது என்று வாசிக்கத் தெரியும்.

நீங்கள் பெயர்ப்பவர், மூலத்தில் இல்லாததை எழுத முடியாதென்று எனக்குத் தெரியும். ஆனால் அவளுடைய ஜாக்கெட்டில் இருக்கும் 'சொந்தம்' என்ற பேட்சை அந்தப் புத்தகத்தில் யார் பிரிக்கிறார்கள்? அவனா, அவளா? அல்லது அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையா? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.